புறக்கோட்டையில் ஜேர்மன் சுவடுகள்

புறக்கோட்டை பிறின்ஸ் வீதியில், நாட்டாமிமாரின் கைவண்டிகளுக்கும் மொத்த வியாபாரக் கடைகளுக்கும் நடுவே, பருத்த தூண்கள் தாங்கிய பழைய மாடிவீடு ஒன்று நிற்கிறது. ஒல்லாந்தர் கால நூதனசாலை என்று 1982 ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட கட்டடம் அது. ஒரு காலத்தில் ஒல்லாந்தரின் குருத்துவப் பாடசாலையாகவும், பின்னர் புறக்கோட்டைத் தபாற்கந்தோராகவும் அது இருந்திருக்கிறது. இடையில் ஒரு பிரபுவின் வாசஸ்தலமாகவும் இருந்தது. அந்தப் பிரபுவின் பெயர் ஓகஸ்ட் கார்ல் வான் ரான்சவ். 'வான்' என்ற ஒல்லாந்த முன்னொட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது ரான்ட்சாவ் என்ற பெயர். அது ஜேர்மனியின் வடகோடியிலுள்ள ஹோல்ஸ்டைன் பிரதேசத்துப் பழைய பிரபு வம்சமொன்றின் பெயர்.

இது தற்செயலானதல்ல. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி தன் இருநூறு ஆண்டு வாழ்வில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேரைக் கப்பலேற்றிக் கீழைத்தேசங்களுக்கு அனுப்பியது. அவர்களிற் பாதிப்பேரளவில் ஒல்லாந்துக்கு வெளியே பிறந்தவர்கள். படைவீரரிடையே அந்த விகிதம் இன்னும் கூடுதல். வெளியே பிறந்தவர்களுட் பெரும்பகுதியினர் ஜேர்மன் மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்த ஏழை இளைஞர்கள். முப்பதாண்டு யுத்தம் பாழாக்கிய ஊர்களிலிருந்து வேலை தேடி அம்ஸ்ரர்டாமுக்கு நடந்தவர்களையும், அங்கே கடனாளியாகிக் கொம்பனியில் கையெழுத்திட்டவர்களையும் எண்ணிப் பார்த்தால், 'ஒல்லாந்தர் கோட்டை' என்று நாம் சொல்லிப் பழகிய மதில்களின்மேல் காவல் நின்றவன் பெரும்பாலும் எந்தமொழிக்காரன் என்பது விளங்கும். நம் பாடப்புத்தகங்கள் ஒல்லாந்தர் என்ற ஒரே சொல்லால் எல்லோரையும் போர்த்தி மூடிவிட்டன.

இவர்களிற் சிலர் எழுதினார்கள். நூறம்பேர்க்கைச் சேர்ந்த யோஹான் யாக்கோப் சார் பதினைந்து ஆண்டுகள் கொம்பனிப் படையிற் சேவித்தவர். 1656 இல் கொழும்பு போர்த்துக்கேயரிடமிருந்து பறிக்கப்பட்டபோது முற்றுகையில் நின்றவர். ஊர் திரும்பி 1662 இல் தன் அனுபவங்களை நூலாக்கினார். வூட்டம்பேர்க்கைச் சேர்ந்த கிறிஸ்தோப் ஷ்வைட்சர் 1676 முதல் ஆறாண்டுகள் இங்கிருந்தவர். அவருடைய நூல் 1700 இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இன்னொருவரை நினைவூட்ட வேண்டும். மெக்லன்பேர்க்கில் பிறந்த யோஹான் கிறிஸ்தியான் வோல்ப், யாழ்ப்பாணக் கச்சேரியிற் செயலாளராக ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 1782 இல் தம் இலங்கைப் பயண நூலைப் பேர்லினில் வெளியிட்டார். இவர்களுட் சிலரது குறிப்புகளை ரேவன் ஹார்ட் என்பவர் 1950களில் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, கொழும்பு நூதனசாலையே அவற்றை நூலாக வெளியிட்டது. தமிழில் இவை இன்னும் முழுமையாக வராதது நமக்கொரு குறை என்றே கருதுகிறேன்.

ஆனால் இங்கே கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. எழுதியவர்கள் எல்லோரும் திரும்பிப் போனவர்கள். ஜேர்மன் மொழியில், ஜேர்மன் வாசகருக்கு, ஜேர்மன் ஊர் அச்சகத்தில் எழுதினார்கள். இங்கேயே தங்கியவர்கள் ஒரு வரியும் ஜேர்மனில் எழுதிவைத்ததாக நான் காணவில்லை. ஏன்?

அவர்களின் ஒருநாள் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். கோட்டைக்குள் கட்டளை பிறப்பது ஒல்லாந்த மொழியில். கணக்கும் கடிதமும் அம்மொழியிலேயே. மாலையில் வீடு திரும்பினால் மனைவி பெரும்பாலும் போர்த்துக்கேயக் கலப்பினத்தவள், அல்லது இந்நாட்டவள். ஐரோப்பாவிலிருந்து பெண்கள் அதிகம் வரவில்லை. அடுக்களையிலும் தொட்டிலிலும் வழங்கியது கொச்சைப் போர்த்துக்கேயம். இந்தப் போர்த்துக்கேயத்தை ஒழித்துவிட ஒல்லாந்த ஆட்சியாளர் சட்டங்கூடப் போட்டுப் பார்த்தார்கள், முடியவில்லை. ஆள்பவனின் மொழியே அடுக்களையிடம் தோற்ற ஊரில், ஆள்பவனிடம் சம்பளம் வாங்கியவனின் மொழி எம்மாத்திரம்? சந்தையில் தமிழும் சிங்களமும். ஜேர்மன் மொழிக்குக் கொழும்பிற் செய்வதற்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. காவற்கூடத்திற் சீட்டாடும்போதும், காய்ச்சலிற் புலம்பும்போதும் மட்டுமே அது வாயில் வந்திருக்கும்.

ஒரே ஒரு வேலை மிஞ்சியிருந்தது: செபம். வடக்கு, நடு ஜேர்மனியிலிருந்து வந்தவர்களிற் பெரும்பாலார் லூத்தரன் சபையினர். கொம்பனியின் சமயமோ கல்வினின் வழிவந்த சீர்திருத்தச் சபை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் புரட்டஸ்தாந்தம்தான். நற்கருணை பற்றிய நம்பிக்கையிலும் பாடல்களிலும் அவர்களுக்கிடையே இருந்த பிணக்குச் சிறியதல்ல. கொட்டாஞ்சேனை விளிம்பில், கடலைப் பார்த்த மேட்டில் நிற்கும் வுல்பெண்டால் தேவாலயத்துக்கு 1749 இல் அடிக்கல் நாட்டி, 1757 இல் பிரதிட்டை செய்தார்கள். சிலுவை வடிவில், தடித்த சுவர்களோடு கட்டப்பட்ட அந்தக் கோயிலில் ஜேர்மன் சிப்பாய் அமரலாம், பிள்ளைக்கு ஞானஸ்நானம் பெறலாம், இறந்தால் அடக்கமும் பெறலாம். ஆனால் பிரசங்கம் அவன் தாய்மொழியில் இராது, பாட்டும் அவன் தாய் பாடிய பாட்டாக இராது.

இதனாற்றான் 1760 ஆம் ஆண்டு நடந்த ஒரு பயணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த சுவார்ட்ஸ் ஐயர், பிற்காலத்தில் தஞ்சாவூர்ச் சரபோஜியின் ஆசானாக நாம் அறிந்த அதே கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ், அவ்வாண்டு இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கொம்பனிச் சேவையிலிருந்த ஜேர்மன்காரருக்குத் தம் மொழியிலேயே பிரசங்கித்து நற்கருணை வழங்கினார். கீழைத்தேசக் கடலுக்கு இருபது வயதிற் கப்பலேறி, அரைக்கிழவனாகிவிட்ட ஒருவன், அன்றைக்குத் தன் ஊர் உச்சரிப்பில் வேதம் வாசிக்கக் கேட்டிருப்பான். அவன் என்ன நினைத்தான் என்பதற்கு ஏடு இல்லை. ஐயர் திரும்பிப் போனதும் மறுபடி ஒல்லாந்தப் பிரசங்கந்தான்.

வேறிடங்களில் இது வேறுவிதமாக நடந்தது. 1736 முதல் 1740 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த வான் இம்ஹோப், இன்றைய ஜேர்மனிக்குள் அடங்கும் லேயர் என்ற ஊரிற் பிறந்தவர். கொழும்பில் 1737 இல் அச்சியந்திரத்தை நிறுவியவர் இவரே. இந்த நாட்டு அச்சு வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1759 இல் பிலிப்பு தெ மெல்லோவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளிவந்ததும் கொழும்பு அச்சிலேயே. அதே இம்ஹோப் பின்னர் பத்தாவியாவில் மகாதேசாதிபதியானபோது, லூத்தரன் சபையினர் தனியே வழிபட அங்கு இடங்கொடுத்தார். நன்னம்பிக்கை முனையிலுள்ள கேப் நகரத்திலும், செல்வந்தரான ஜேர்மன் வணிகரொருவர் தன் பண்டகசாலையையே கோயிலாக்கி வைத்துக் காத்திருந்து, 1779-80 அளவில் லூத்தரன் சபைக்கு அனுமதி கிடைத்தது. அங்கே லூத்தரன் பாட்டு ஒலிக்க ஒரு கூரை இருந்தது. கொழும்பில் ஒரு பயணியின் வருகைதான் கிடைத்தது. ஒரு கூரை இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள இந்த வித்தியாசத்தை நான் சிறிதாக எண்ணவில்லை.

இலங்கைக்கு வந்த கடைசி ஜேர்மன் கூட்டத்தின் கதை இன்னும் கசப்பானது. வூட்டம்பேர்க் கோமகன் கார்ல் ஒய்கன் பணமுடையால், 1786 இல் ஒல்லாந்தக் கொம்பனியோடு உடன்படிக்கை செய்து, ஏறக்குறைய இரண்டாயிரம் பேர்கொண்ட ஒரு படையணியையே விற்றான் என்று சொல்லவேண்டும். 1787 இல் அவர்கள் புறப்பட்டபோது, அதே கோமகனால் பத்தாண்டு சிறைவைக்கப்பட்டிருந்த ஷூபார்ட் என்ற கவிஞர் பிரியாவிடைப் பாடலொன்று எழுதினார். அது ஜேர்மன் நாட்டில் நாட்டுப்பாடல்போலப் பரவிவிட்டது. பாடப்பட்டவர்களோ முதலில் கேப்புக்கும், பின் சாவகத்துக்கும் இலங்கைக்குமாகச் சிதறடிக்கப்பட்டார்கள். 1796 பெப்ரவரியில் கொழும்பு ஆங்கிலேயரிடம் சரணடைந்தபோது அந்தப் படையணியின் சில கம்பனிகள் இங்கே இருந்தன. ஊர் திரும்பியவர் மிகச் சிலரே. அவர்களைப் பிரிந்த துயரப் பாட்டை அவர்களின் ஊர் தலைமுறைகளாகப் பாடியது. இங்கே அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டின் மொழியே தெரியாது.

தெரிந்து மிஞ்சியது பெயர்தான். கொழும்பு மருத்துவக் கல்லூரி முன்றலில் 1881 இல் எழுப்பப்பட்ட மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கடந்து போகாத வைத்திய மாணவர் இல்லை. அது கல்லூரியின் அதிபராயிருந்த எட்வின் லோசன் கொக் நினைவாக நிற்பது. 'கொக்' என்றால் ஜேர்மனிற் சமையற்காரன். ஒல்லாந்தத்தில் அந்தச் சொல்லின் எழுத்து வேறு. பறங்கியரின் குடும்பப் பெயர்களை வரிசையாக எழுதிவைத்துப் படித்தால் இப்படிப் பல ஜேர்மன் பெயர்கள் ஒல்லாந்தச் சட்டை போட்டுக்கொண்டு எட்டிப் பார்க்கும். சொந்தக்காரர்கள் அதற்குள் ஆங்கிலம் பேசுவோராகிவிட்டார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தவர்கள் வேறு வகையினர். இவர்கள் மூட்டையோடு வந்தவர்களல்லர், முதலோடு வந்தவர்கள். 1881 நவம்பரில் விலங்கியலறிஞர் ஏர்ன்ஸ்ட் ஹேக்கல், ஒஸ்திரிய லொயிட் கப்பல் ஒன்றிற் கொழும்பை வந்தடைந்தார். அவர் தங்கியது முகத்துவாரத்தில், களனி கடலோடு கலக்குமிடத்திலிருந்த விஸ்ட் பங்களாவில். கப்பற் கம்பனியின் முகவர் அங்கே இருந்தார். முகத்துவாரத்திலிருந்து கோட்டைக்குப் போகும் வழி புறக்கோட்டை. ஆகவே ஹேக்கலின் பயணக்கடிதங்களிற் புறக்கோட்டைக் கடைத்தெருக்கள் வருகின்றன. அன்றைய ஜேர்மன் கொன்சல் பிலிப் ஃப்ரொய்டன்பேர்க் என்ற வணிகர். கொள்ளுப்பிட்டியில் அவர் வாழ்ந்த இல்லத்தை நாம் இன்று அலரி மாளிகை என்கிறோம். பிரதமரின் உத்தியோகபூர்வ வாசஸ்தலம் அது. அந்த முற்றத்தில் ஜேர்மன் விருந்தாளிகள் தம் மொழியிற் பேசிக் களித்த மாலைகளை இன்று அங்கே காவல் நிற்போர் அறியமாட்டார்கள்.

இவர்களுக்குக் கப்பல் மாதந்தோறும் பத்திரிகையும் கடிதமும் கொண்டுவந்தது. மனைவி கூடவே இருந்தாள், பிள்ளைகள் படிக்க ஊருக்கே போனார்கள். பண்பாட்டைக் காப்பதற்கு அவர்கள் மெனக்கெடத் தேவையிருக்கவில்லை. இங்கே வேரூன்றாதபடியால் எதையும் இழக்கவுமில்லை. 1914 ஓகஸ்டில் யுத்தம் வந்தபோது எல்லாம் ஒரே நாளிற் கலைந்தது. மிருகங்களைப் பிடித்து விற்றுவந்த யோன் ஹாகன்பெக் நாட்டை விட்டுப் போகவேண்டியதாயிற்று. ஜேர்மனியிற் பேர்பெற்ற ஹாகன்பெக் மிருகக்காட்சிக் குடும்பத்தவர் அவர். பின் மறுபடி வந்து, தெஹிவளையில் அவர் வைத்திருந்த மிருகங்களே பிற்பாடு அரசாங்கத்தின் மிருகக்காட்சிச்சாலைக்கு வித்தாயின. 1939 இல் மறுபடியும் பகைநாட்டானாகி, 1940 இல் கொழும்பிலேயே இறந்தார்.

முதலாம் யுத்தத்தின்போது இலங்கையிற் பிடிபட்ட ஜேர்மன்காரர் தியத்தலாவையில் அடைக்கப்பட்டுப் பின்னர் அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களிற் பலர் இருந்த இடம், நியூ சவுத் வேல்ஸ் கரையோரத்தில் ட்ரயல் பே என்ற பழைய சிறைச்சாலை. முட்கம்பிக்குள் அவர்கள் செய்தது வியப்பானது. நாடகக் கொட்டகை அமைத்தார்கள். வாத்தியக் குழுவும் பாடகர் குழுவும் நடத்தினார்கள். தமக்கென ஒரு பத்திரிகையும் வெளியிட்டார்கள். கொழும்பிற் கணக்குப் பார்த்துக்கொண்டு கிளப்பிற் பியர் குடித்தவர்கள், கைதிகளானபின் நாடகம் போட்டார்கள். நேரம் நிறைய இருந்தது, நாளை பற்றிய நிச்சயம் இருக்கவில்லை. அவர்கள் பேசிய மொழிக்கு மறுபடியும் ஒரு வேலை கிடைத்தது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அந்தக் கைதிகளில் ஒருவர் காவியுடைக்காரர். வீஸ்பாடனில் 1878 இற் பிறந்து, இசை பயின்று, வயலின் வாசித்து, எல்லாவற்றையும் துறந்து பௌத்த பிக்குவான ஞானதிலோக தேரர். தொடந்துவைக் களப்பிலுள்ள பொல்கஸ்துவ தீவில் 1911 இல் ஆச்சிரமம் அமைத்தவர். யுத்தம் பிரித்ததால் 1926 வரை அவரால் இலங்கைக்குத் திரும்பவே முடியவில்லை. நாடு, பெயர், உடை, உணவு, சங்கீதம் எல்லாவற்றையும் விட்ட இம்மனிதர் ஒன்றை மட்டும் விடவில்லை. பாளி நூல்களை ஜேர்மனில் ஆக்கிக்கொண்டே இருந்தார். அங்குத்தர நிகாயமும் விசுத்திமார்க்கமும் அவர் கையால் ஜேர்மனாயின. 1957 இல் அவர் கொழும்பில் இறந்தபோது அரச மரியாதையுடன் தகனம் செய்யப்பட்டார்.

அவருடைய சீடர் ஞானபோனிக தேரரின் கதை மேலும் துயரமானது. ஹனாவில் யூதக் குடும்பமொன்றில் 1901 இற் பிறந்தவர். ஹிட்லரின் ஆட்சி அவரை 1936 இல் இலங்கைக்கு வரச்செய்தது. அவரது தாயாரும் தப்பி வந்து கொழும்பிற் சேர் ஏர்னஸ்ட் டி சில்வா குடும்பத்தாரின் ஆதரவில் வாழ்ந்தார். ஆனால் 1939 இல் ஆங்கிலேய அரசாங்கத்துக்கு அவரும் ஒரு ஜேர்மன்காரர்தான். முதலில் தியத்தலாவை, பின் இந்தியாவில் டெஹ்ராடூன் முகாம், 1946 வரை. நாஸிகளுக்கு அஞ்சி ஓடிவந்தவர், நாஸிகளும் அடைபட்டிருந்த வேலிக்குள் அடைபட்டார். அங்கிருந்துதான் சுத்தநிபாதத்தை ஜேர்மனில் மொழிபெயர்த்தார். தன்னை வெளியே தள்ளிய நாட்டின் மொழியை, தன் தாயின் மொழி என்பதால் அவர் கைவிடவில்லை. 1958 இற் கண்டியில் பௌத்த வெளியீட்டுச் சங்கத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவராகி, 1994 இல் மறையும்வரை நம்மிடையே வாழ்ந்தார். கொம்பனிச் சிப்பாய்களிடம் இல்லாத ஒன்று இந்த இருவரிடமும் இருந்தது. ஜேர்மனில் எழுதினாற் படிப்பதற்கு எங்கோ வாசகர் காத்திருந்தனர்.

ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். ஜேர்மன்காரர் காப்பாற்ற நினைத்தவை போக, மற்றவர் எடுத்துக்கொண்டவை நன்றாகவே பிழைத்திருக்கின்றன. மார்கழி பிறந்தாற் புறக்கோட்டை நடைபாதையெங்கும் குவியும் பிளாஸ்டிக் நத்தார் மரம் ஜேர்மன் வீட்டு வழக்கத்தின் வாரிசு. ஆங்கிலேயர் வழியாக நமக்கு வந்தது. கொட்டாஞ்சேனைக் கோயில்களில் நத்தார் இரவு தமிழிற் பாடப்படும் மிகப் பிரபலமான தாலாட்டு, 1818 இல் ஒஸ்திரியாவின் ஒபர்ண்டோர்ப் கிராமத்தில் முதன்முதற் பாடப்பட்டது. தரங்கம்பாடி மரபில் ஃபப்ரீஷியஸ் ஐயர் தமிழாக்கிய ஞானப்பாட்டுகள் பலவற்றின் மெட்டும் ஜேர்மன் மெட்டே. பாடுபவர்கள் அதை அறிந்து பாடுவதில்லை.

இத்தனையும் நான் தேடிப் படித்தது ஜேர்மன்காரர்மேற் கொண்ட பரிவால் மட்டுமன்று. 1980கள் தொடங்கி நம்மவர்கள் எதிர்த்திசையிற் போனார்கள். ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் அகதிகளாய் இறங்கியவர்கள் 'தூண்டில்', 'மனிதம்' என்று சஞ்சிகை நடத்தினார்கள். 1988 இல் ஜேர்மனியில் இலக்கியச் சந்திப்பைத் தொடங்கினார்கள். ஹம் நகரில் 2002 இற் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரத்தோடு கோயில் எழுப்பினார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளை இன்றும் நடத்துகிறார்கள். கூரை அவர்களுக்கு இருக்கிறது. வேலை இருக்கிறதா என்பதுதான் என் கவலை. ஓகஸ்ட் விடுமுறைக்கு வெள்ளவத்தைக்கு வரும் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறேன். அம்மம்மாவிடம் தமிழில், அளந்து, மரியாதையாய்ப் பேசுவார்கள். தமக்குள் சண்டை வந்தவுடன் ஜேர்மனுக்குப் போய்விடுவார்கள். "என்ன பிள்ளை சொல்லுறாய்?" என்று அம்மம்மா கேட்டால், "ஒண்டுமில்லை அம்மம்மா" என்பதுதான் பதில். சண்டையும் பகிடியும் இரகசியமும் ஜேர்மனில், வணக்கமும் நன்றியும் தமிழில் என்ற இந்தப் பங்கீட்டைப் பார்க்கும்போது, சிப்பாய் வீட்டுப் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். பத்திரிகையும் கோயிலும் பாடசாலையும் ஒன்றுமில்லாத அவர்களைவிட இவர்கள் எவ்வளவோ வசதியானவர்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தச் சஞ்சிகைகளை எழுதியவர்களின் பிள்ளைகளில் எத்தனை பேர் அவற்றைப் படிக்கிறார்கள் என்று கேட்டால், நண்பர்கள் பேச்சை மாற்றுகிறார்கள்.

ஜேர்மன் மொழி கொழும்பிலிருந்து போய்விட்டது என்றும் சொல்லமுடியாது. 2007 இல் ஜேர்மனி தன் சட்டத்தை மாற்றியபின், கணவனிடமோ மனைவியிடமோ சேரப் போகிறவர் விசாவுக்கு முன்பே ஆரம்பநிலை ஜேர்மன் பரீட்சை எழுதவேண்டும். ஆகவே கிளிநொச்சியிலிருந்தும் பருத்தித்துறையிலிருந்தும் புதுமணப் பெண்கள் கொழும்புக்கு வருகிறார்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீட்டில் ஓர் அறை எடுத்து, மேசை ஆண்பால், கதவு பெண்பால், வீடு அலிப்பால் என்று இரவிரவாக மனனம் செய்கிறார்கள். அவர்களின் முதற்பாடம் தன் பெயரைச் சொல்வது. இரண்டாவது, எந்த ஊரிலிருந்து வருகிறேன் என்பது.